எந்தத் தோட்டத்துப் பெண்?

எங்கள் பெரிய தாத்தா 1920-களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர். அவருடைய கிளை கிள்ளானில் தங்கிவிட்டது. அந்தக் கிளையில் எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர், 2023 டிசம்பரில் மனைவியோடும் பதினேழு வயது மகளோடும் சென்னை வந்திருந்தார். தி.நகரில் புடவை எடுப்பது, கோயில்கள், உறவுகள் என்று பத்து நாள் பயணம். திருவான்மியூரில் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள்.

அந்தப் பெண் பள்ளி அணிக்காக பேட்மிண்டன் ஆடுகிறவள். பெட்டியில் மட்டை வைத்திருந்தாள். மாலையில் கடற்கரைக்குப் போனபோது என்னுடன் நடைப்பயிற்சிக்கு வரும் தோழியர் இருவர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சொந்த ஊர் எதும்மா?"

"கிள்ளான், ஆன்ட்டி."

"அது சரி. அதுக்கு முன்னாடி?"

அவள் விழித்தாள். பின்னால் வந்த அவளுடைய அப்பா பதில் சொன்னார்: "துறையூர் பக்கம்." தோழியர் முகத்தில் நிம்மதி. அடுத்த கேள்வி: "பரதம் கத்துக்கலையா? இங்கதான் கலாக்ஷேத்ரா இருக்கு." மட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இரவு பாத்திரம் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அத்தை, அவங்க என்கிட்ட கேட்டாங்க. ஆனா அப்பா சொன்னதைத்தான் பதிலா எடுத்துக்கிட்டாங்க."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களிலிருந்து வரும் விளையாட்டு வீராங்கனைகளை நாம் எப்படிப் பேசுகிறோம், எழுதுகிறோம், படமெடுக்கிறோம் என்பதே இங்கே என் கேள்வி.

1

2021 அக்டோபர் தொடக்கத்தில், பின்லாந்தின் வான்டா நகரில் சுதிர்மான் கோப்பைக்கான அரையிறுதி நடந்தது. மலேசியாவும் ஜப்பானும் மோதின. மகளிர் ஒற்றையரில் மலேசியாவுக்காக ஆடியவர் கிசோனா செல்வதுரை. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சிரம்பானில் பிறந்த தமிழ்ப்பெண். 2019-இல் தென்கிழக்காசிய விளையாட்டின் ஒற்றையர் இறுதியில் இந்தோனேசிய வீராங்கனையை வென்று தங்கம் பெற்றவர். அன்று அவர் அகானே யமகுச்சியிடம் தோற்றார். மலேசியாவும் தோற்றது.

உடனே மலேசியாவின் அரசியல் கட்சி ஒன்றின் தொகுதி அளவிலான பொறுப்பாளர் ஒருவர் முகநூலில் எழுதினார். 'கெலிங்' என்ற வசைச்சொல்லால் கிசோனாவைக் குறிப்பிட்டு, இவரை எந்தத் தோட்டத்திலிருந்து பொறுக்கி எடுத்து வந்தார்கள் என்ற பொருளில் கேட்டிருந்தார். கண்டனங்கள் குவிந்தன. எல்லா இனத்தைச் சேர்ந்த மலேசியர்களும் கிசோனாவுக்கு ஆதரவாக எழுதினார்கள். எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். சில வாரங்களில் செய்தி அடங்கியது.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் சொல் அது. கடல் வணிகக் காலத்தில் தென்னிந்தியர் அனைவரையும் குறித்த சாதாரணப் பெயர். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், மலாக்காவில் கம்போங் கெலிங் பள்ளிவாசல் என்று இன்றும் நிற்கிறது. வணிகரைக் குறித்தபோது பெயராக இருந்தது, கூலித் தொழிலாளரைக் குறிக்கத் தொடங்கியபோது வசையானது. சொல் அப்படியே இருக்க, அதைச் சுமந்தவர்களின் இடம் கீழே இறங்கியிருக்கிறது.

'தோட்டம்' என்ற சொல்லும் அப்படித்தான். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போன பெண்கள், அதற்கும் முன்பே எழுந்து சமைத்து, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போனவர்கள். திறமையற்ற கூலிகளை மலாயாவுக்கு உதவித்தொகையோடு அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்தியது. அதற்குள் அங்கே தலைமுறைகள் வேர்விட்டிருந்தன. அந்த உழைப்பால் எழுந்த நாட்டில், அந்த உழைப்பின் இடப்பெயரே அவர்களுடைய கொள்ளுப்பேத்தியைத் திட்டும் சொல்லாகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிசோனா அன்று தோற்றது யாரிடம்? அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பெயினில் உலக சாம்பியன் பட்டம் வென்ற யமகுச்சியிடம். விளையாட்டைப் பற்றி எழுத வந்தவர் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கிசோனா வென்றிருந்தால் அவர் மலேசியர், தோற்றதால் தோட்டத்துக்காரர். சிறுபான்மையினரின் குடியுரிமை ஒவ்வொரு ஆட்டத்திலும் புதுப்பிக்கப்பட வேண்டிய உரிமம்போல நடத்தப்படுகிறது.

2

அந்தச் செய்தி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. 'தமிழச்சிக்கு நேர்ந்த அவமானம்' என்று கொதித்தார்கள். நானும் கொதித்தேன். அது நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபத்துக்குள் இருந்த உரிமை கோரலை அப்போது நான் பார்க்கவில்லை.

அவர் நம்மவர் என்று நாம் சொல்வது அன்பு. எந்தத் தோட்டம் என்று அவன் கேட்டது வெறுப்பு. இரண்டும் ஒன்றல்ல. வெறுப்புக்குப் பின்னால் ஒரு நாட்டின் பெரும்பான்மை அரசியல் நிற்கிறது. நம் அன்புக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பேச்சிலும் அந்தப் பெண் வலையருகே எப்படி ஆடினார் என்பது மட்டும் இல்லை. அவன் 'எந்தத் தோட்டம்' என்று கேட்டான். என் தோழியர் 'அதுக்கு முன்னாடி?' என்று கேட்டார்கள். இரு கேள்விகளும் அவரைத் தாண்டி அவருக்கு முன்னால் இருந்த யாரையோ தேடிப் போகின்றன.

அந்த யாரோ பெரும்பாலும் ஓர் ஆண். நிக்கோல் டேவிட்டை எடுத்துக்கொள்வோம். பினாங்கில் பிறந்தவர். ஸ்குவாஷில் எட்டு முறை உலக சாம்பியன். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலகத் தரவரிசையில் முதலிடம். தந்தை இந்திய வம்சாவளி, தாய் சீன வம்சாவளி. நம் பக்கத்தில் அவரைப் பற்றிப் பேசும்போது 'இந்திய வம்சாவளிப் பெண்' என்று சொல்லிவிடுவோம். தாய் எங்கே போனார்? வம்சாவளி என்ற சொல்லே தந்தைவழியில் ஓடும் ஆறு. தாய்மார்கள் அதில் கலந்து காணாமல் போகும் ஓடைகள்.

சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த சிவசங்கரி சுப்ரமணியம், 2022 ஜூனில் கார் விபத்தில் மண்டையிலும் முகத்திலும் கழுத்திலும் எலும்பு முறிந்து படுத்தவர். அதே ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுக்குப் போக முடியவில்லை. 2023 இலையுதிர்காலத்தில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் ஒற்றையர் தங்கம். 2024-இல் லண்டனில் பட்டம். முறிந்த கழுத்தோடு படுத்த ஒருவர் மீண்டும் அந்தச் சிறிய கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைந்து, சுவரில் பட்டுத் திரும்பும் பந்தைத் தலை திருப்பிப் பார்ப்பதற்கு எவ்வளவு பயிற்சியும் எவ்வளவு துணிவும் வேண்டும்! எழுத வேண்டியது அதுவல்லவா?

தினா முரளிதரன் இரட்டையர் ஆடுகிறவர். இணை ஆட்டக்காரர் பேர்லி டான், சீன வம்சாவளி. 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் தங்கம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காமிடம், 2025 உலகப் போட்டியில் வெள்ளி. இந்த இணையைப் பற்றிய தமிழ்ப் பதிவுகளைப் படித்தால் தினா தனியாக ஆடினாரோ என்று தோன்றும். மறுபாதி ஆடுகளத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் நம்மால் பெருமைப்பட முடிகிறது. இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் முன்னால் வந்தால் மற்றவர் பின்னால் போக வேண்டும். இருவருக்கும் நடுவே விழும் இறகு யாருடையது என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். மலேசியாவைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால் அது அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நம்மிடம் இருக்கும் ஒரு சொல்லே இதைச் சொல்லும். மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகள் பேட்மிண்டனைப் பூப்பந்து என்கின்றன. தமிழ்நாட்டில் பூப்பந்து என்றால் கம்பளிப் பந்தில் ஐந்து பேர் ஆடும் வேறொரு விளையாட்டு. சொல் ஒன்று, ஆட்டம் வேறு. மரபு கடல் கடந்தால் அப்படித்தான் ஆகும். என் மருமகள் பேசும் தமிழ் என் தமிழ்தான். அவள் ஆடும் ஆட்டம் அவளுடைய நாட்டினுடையது.

3

இந்தத் தந்தைவழி நினைப்பு வெறும் பேச்சு வழக்கு அல்ல. சட்டமாகவே இருந்திருக்கிறது.

1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் சுமார் ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அந்தச் சட்டம் கேட்டது: உன் தந்தை இங்கே பிறந்தாரா? அல்லது உன் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்தார்களா? தாய் எங்கே பிறந்தார் என்பது கேட்கப்படவில்லை. லயத்து வீட்டில் பிறந்து, கொழுந்து பறித்து, அதே லயத்தில் பிள்ளை பெற்ற பெண்ணால் அந்தப் பிள்ளைக்கு நாட்டைக் கொடுக்க முடியவில்லை. தாய்வழியாகவும் குடியுரிமை வரும் என்று அந்தச் சட்டம் திருந்தியது 2003-இல்தான்.

இந்தியாவும் யோக்கியமில்லை. 1955-இன் குடியுரிமைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு வம்சாவளியாக இந்தியக் குடியுரிமை தர தந்தையால் மட்டுமே முடிந்தது. தாய்க்கு அந்த உரிமை வந்தது 1992 திருத்தத்தில்.

மலேசியாவில் வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்கள் இதே உரிமைக்காக வழக்குத் தொடுத்தார்கள். 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கிசோனா மீது அந்த வசை விழுந்தது அதற்கு ஒரு மாதத்துக்குள். அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. 2024 அக்டோபரில்தான் மக்களவை அரசியல் சட்டத் திருத்தத்தை ஏற்றது. அதுவும் முன்தேதியிட்டுப் பொருந்தாது.

கிசோனா மலேசியாவிலேயே பிறந்தவர். இந்த வழக்கு அவருடையதல்ல. ஆனாலும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. தாய் நாட்டைக் கொடுக்க முடியாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பண்பாட்டைத் தாய்தான் கொடுக்க வேண்டும் என்று குடும்பம் சொல்கிறது. மகள் தமிழ் பேசவில்லையென்றால், பொட்டு வைக்கவில்லையென்றால், சமைக்கத் தெரியவில்லையென்றால் கேள்வி தாயிடம் வரும். நாடு அப்பா வீட்டுச் சொத்து, மரபு அம்மா செய்ய வேண்டிய வேலை. 'பரதம் கத்துக்கலையா?' என்ற கேள்விகூட என் அண்ணனைப் பார்த்துக் கேட்கப்படவில்லை. தோழியர் இருவரும் அண்ணியைத்தான் பார்த்தார்கள். அண்ணி தலைகுனிந்ததை நான் பார்த்தேன்.

அப்படிப் பெண்ணுடலில் ஏற்றப்படும் மரபும் எப்போதும் இருந்தபடியே இருந்ததல்ல. எங்கள் திருவான்மியூரின் பெருமை கலாக்ஷேத்ரா. 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கியது. பரம்பரையாக ஆடிவந்த பெண்களிடமிருந்து ஒரு நடனம் விலகி, 'நல்ல குடும்பத்துப் பெண்கள்' ஆடத்தக்கதாக மாற்றப்பட்ட காலம் அது. 1947-இல் சென்னை மாகாணம் தேவதாசி முறையைச் சட்டத்தால் ஒழித்தது. ஒழிக்க வேண்டிய சுரண்டல்தான். ஆனால் ஆடிய பெண்கள் வெளியே நிற்க, ஆட்டம் மட்டும் மரபாக உள்ளே வந்தது. இன்று கடல் கடந்து வாழும் குடும்பங்கள் மகளைத் தமிழச்சியாக வைத்திருக்க அந்த ஆட்டத்தையே நம்புகின்றன. எதை மரபு என்று தேர்ந்தெடுக்கிறோம், யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பது எப்போதும் ஒரு முடிவு.

4

படங்கள் இதை எப்படிச் சொல்கின்றன? ஒரு பிரிட்டிஷ் படத்தையும் ஒரு தமிழ்ப் படத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

குரிந்தர் சத்தா இயக்கிய 'பெண்ட் இட் லைக் பெக்கம்' (2002) மேற்கு லண்டன் பஞ்சாபிக் குடும்பத்தின் கால்பந்து ஆடும் மகளைப் பற்றியது. அருண்ராஜா காமராஜின் 'கனா' (2018) காவிரிப் படுகை விவசாயியின் கிரிக்கெட் ஆடும் மகளைப் பற்றியது. ஒன்று குடியேறியவர்களின் கதை, மற்றது மண்ணின் மைந்தர்களின் கதை. ஆனால் எலும்புக்கூடு ஒன்றே.

லண்டன் படத்தில் தந்தை கென்யாவில் நல்ல பந்துவீச்சாளராக இருந்தவர். இங்கிலாந்து வந்தபோது வெள்ளையர் கிளப்பில் சேர்க்காமல் அவமானப்படுத்தப்பட்டு மட்டையைக் கைவிட்டவர். மகள் தோற்றுவிடக் கூடாது என்று கடைசியில் அனுமதி தருகிறார். 'கனா'வில் இந்திய அணி தோற்றபோது தந்தை அழுததைச் சிறுமி பார்க்கிறாள். அவரைச் சிரிக்க வைக்கவே மட்டையைக் கையில் எடுக்கிறாள். இரு படங்களிலும் தந்தையின் காயத்துக்கு மகள் மருந்து. நாட்டுக்கும் தந்தைக்கும் இடையே ஒரு பழைய கணக்கு இருக்கிறது, மகள் ஆடி அதை நேர்செய்கிறாள்.

இரு படங்களிலும் தாய் யார்? தடை. லண்டன் தாய்க்கு மகள் வட்டமாகச் சப்பாத்தி இடக் கற்க வேண்டும். 'கனா'வின் தாய் ஊர் வாய்க்குப் பயந்து மகளை அதட்டுகிறாள். மரபைக் காக்கும் வேலையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அந்த வேலையைச் செய்ததற்காக அவளையே வில்லியாக்கும் கதை இது. தந்தை மரபிலிருந்து ஒரு படி விலகினால் அவர் பெருந்தன்மையாளர். தாய் ஒரு படி விலகினால் அவளுக்கு வளர்க்கத் தெரியவில்லை. இந்தத் தாய்க்கும் ஒரு காலத்தில் ஓடப் பிடித்திருந்ததா, பந்து எறியப் பிடித்திருந்ததா என்று எந்தப் படமும் கேட்பதில்லை.

இரு படங்களையும் நான் ரசித்தேன். 'கனா'வில் ஐஸ்வர்யா ராஜேஷ் ஓடிவந்து பந்துவீசும்போது எனக்குக் கண் கலங்கியது. அதனால்தான் சொல்கிறேன். நம்மைக் கலங்க வைக்கும் கதை எந்த வழியாக நம்மைக் கலங்க வைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அப்பாவுக்காக இல்லாமல், நாட்டுக்காக இல்லாமல், ஆடப் பிடித்ததால் ஆடிய ஒரு பெண்ணுக்கு நாம் அழுவோமா?

5

தந்தைக்குப் பிறகு கணவன் வருகிறான்.

2014 ஜூலையில், புதிதாகப் பிறந்த தெலங்கானா மாநிலம் சானியா மிர்சாவைத் தன் விளம்பரத் தூதராக நியமித்தது. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் அவரைப் பாகிஸ்தானின் மருமகள் என்றார். மும்பையில் பிறந்தவர், பிறகுதான் ஹைதராபாத் வந்தவர், ஆகவே உள்ளூர்க்காரரும் அல்ல என்றார். பிறந்த இடத்தை வைத்து ஒரு முறை, மணந்த ஆணை வைத்து ஒரு முறை என ஒரே மூச்சில் இரண்டு தடவை வெளியேற்றம். இறுதிவரை நான் இந்தியர்தான் என்று சானியா பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் 2010-இல் மணந்த ஷோயப் மாலிக் தொடர்ந்து பாகிஸ்தான் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். மருமகள் என்ற சொல் நாட்டை மாற்றுகிறது. மருமகன் என்ற சொல்லுக்கு அந்தச் சக்தி இல்லை.

நமக்கு இது புதிதா என்ன? 'சொந்த ஊர்' என்று ஒரு பெண்ணிடம் கேட்டால் அவள் அப்பாவின் ஊரைச் சொல்கிறாள். திருமணமானதும் 'எங்க ஊர்' கணவனின் ஊராகிறது. குலதெய்வமும் மாறுகிறது. நான் பிறந்து வளர்ந்தது திருவான்மியூரில். மருந்தீஸ்வரர் கோயில் குளத்தடியில் விளையாடியிருக்கிறேன், பறக்கும் ரயில் வருமுன் இருந்த வெட்டவெளி நினைவிருக்கிறது. ஆனாலும் படிவங்களில் துறையூரை எழுதியிருக்கிறேன். திருமணத்துக்குப் பின் நான் இரண்டே முறை போன ஓர் ஊரை எழுதியிருக்கிறேன். அம்மாவின் ஊரை எங்கும் எழுதியதில்லை. கேட்க இடமே இல்லை. ஒரு விதத்தில் பெண்கள் எல்லோரும் புலம்பெயர்ந்த குடும்பங்கள்தான். தாலி கட்டிய அன்று மூட்டையோடு கிளம்பியவர்கள்.

6

ஆனால் வேர் இங்கேயே இருந்தால் மட்டும் போதுமா? அப்படி நம்புகிறவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்ட வேண்டும். சாந்தி சௌந்தரராஜன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள், தலித் பெண். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவரிடம் எந்தத் தோட்டம் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. வேறொரு கேள்வி கேட்டார்கள்: நீ பெண்தானா? தாத்தாவின் பிறப்புச் சான்று கேட்கும் அரசும், உடலுக்குள் சான்று தேடும் விளையாட்டு அமைப்பும் ஒரே குடும்பம். 2012-இல் அவர் தினக்கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை செய்கிறார் என்ற செய்தி வந்தது. பிறகு பயிற்சியாளரானார். பதக்கம் திரும்பவில்லை.

பின்லாந்தில் தோற்ற கிசோனாவுக்காகக் கொதித்த எங்கள் குடும்பக் குழு, சாந்திக்காக எத்தனை நாள் கொதித்தது? நான் உட்பட யாரும் அப்போது ஒரு வரி எழுதவில்லை. தூரத்தில் இருப்பவர் மீது உரிமை கொண்டாடுவது எளிது. அவருக்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அருகில் இருப்பவரின் சாதியும் உடலும் நம்மிடம் பதில் கேட்கின்றன.

இன்னும் அருகே வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். தகரக் கொட்டகையில் ஒடிசாவின் பலாங்கிர் பக்கத்துக் குடும்பம் ஒன்று இரண்டு வருடம் இருந்தது. அதற்கு முன் அவர்கள் திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளையில் இருந்தவர்கள். மூத்த பெண் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தாள். கோ-கோ ஆடினாள். துரத்தும்போது அவள் திரும்பும் வேகத்தைப் பார்க்க வேண்டும். வட்டார அணிக்கு ஆள் எடுத்தபோது வயதுச் சான்று கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை. அவள் பிறந்தது ஏதோ ஒரு சூளையில். எந்த மாவட்டம் என்று அவள் அம்மாவுக்கே உறுதியில்லை. அணி அவள் இல்லாமல் போனது.

தெருவில் அவளை எல்லோரும் 'இந்திக்காரப் பொண்ணு' என்றார்கள். அவள் வீட்டில் பேசியது ஒடியா, தெருவில் பேசியது தமிழ். 'கெலிங்' என்ற சொல்லுக்காகக் கொதித்த அதே வாய்கள்தாம் இவை. எல்லாத் தென்னிந்தியரையும் ஒரே பெயரில் சுருட்டிய அந்தச் சொல்லுக்கும், எல்லா வடவரையும் ஒரே பெயரில் சுருட்டும் இந்தச் சொல்லுக்கும் இடையே என்ன தூரம்? இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து அவளுடைய பேத்தி தமிழ்நாட்டுக்காக ஆடித் தோற்றால், எந்தச் சூளையிலிருந்து பொறுக்கி வந்தார்கள் என்று யாராவது கேட்பார்களா? கேட்கிறவர் நம் பேரனாக இருப்பாரா?

7

அப்படியானால் வேரையே பேசக் கூடாதா? இல்லை. மறைத்துவிட்டால் வேறொரு அநியாயம் நடக்கும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக 400 மீட்டர் ஓடியவர் எம். ராஜமணி. 1966-இல் அந்நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதை முதன்முதலில் பெற்றவர். சிங்கப்பூரின் கே. ஜெயமணி 1983 தென்கிழக்காசிய விளையாட்டில் மாரத்தான் தங்கம் பெற்றவர். இந்தப் பெயர்களை என் மருமகளுக்கு நான்தான் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் அதுவரை தெரியாது, அவள் வந்து போன பிறகு தேடிப் படித்தது.

ராஜமணியின் வேரை அறிவதில் அவளுக்கு ஒரு பயன் இருக்கிறது. தனக்கு முன் ஒருத்தி ஓடியிருக்கிறாள் என்ற தெம்பு அது. 'அதுக்கு முன்னாடி?' என்ற கேள்விக்கு துறையூர் ஒரு பதில். ராஜமணி இன்னொரு பதில். முதலாவது ஆண்களின் வழியாக வரும் இரத்தக் கணக்கு. இரண்டாவது, பெண்கள் ஒருவருக்கொருவர் விட்டுச் சென்ற தடம். மரபு என்ற சொல்லை நான் இரண்டாவது பொருளில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். அந்த மரபில் சீனத் தாய்க்கும் இடம் உண்டு, பேர்லி டானுக்கும் இடம் உண்டு, கோ-கோ ஆடிய அந்த ஒடியாப் பெண்ணுக்கும் இடம் உண்டு.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு சிறு வேலை. அடுத்த முறை ஒரு பெண் பதக்கம் வென்ற செய்தி வரும்போது ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, கணவர், ஊர், இனம், உடை பற்றிய வரிகளுக்கு ஒரு கோடு. அவர் எப்படி ஆடினார் என்பதற்கு வேறொரு கோடு. இரண்டையும் எண்ணுங்கள். பிறகு ஓர் ஆண் வென்ற செய்திக்கும் அதையே செய்யுங்கள். எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் இதைச் செய்தபோது யாரும் அதிகம் பேசவில்லை. ஒருவர் மட்டும், "நானும் இப்படித்தானே கேக்கறேன்" என்றார். கடற்கரையில் என் மருமகளிடம் ஊர் கேட்ட தோழியரில் ஒருவர் அவர்.

போன மாதம் கிள்ளானிலிருந்து செய்தி வந்தது. "அத்தை, காலிறுதியில தோத்துட்டேன். ஆனா பேக்ஹேண்ட் நல்லா விழுந்துச்சு." எனக்கு பேட்மிண்டன் தெரியாது. 'பரவாயில்லைம்மா, அடுத்த தடவை' என்று தட்டச்சு செய்தேன். அனுப்பாமல் அழித்தேன். பேக்ஹேண்டை எப்படி மாற்றினாய் என்று கேட்டேன். ஏழு நிமிடக் குரல்பதிவு வந்தது. பாதி புரியவில்லை. முழுவதையும் கேட்டேன்.